விலகுகிறேன் என்று அறிவித்தும் 'ஆம்' விலை ஏன் ஏறவில்லை?

பிரதமர் விலகலை அறிவித்தும், 'மாத இறுதிக்குள் பதவி இழப்பாரா' என்ற கணிப்புச் சந்தையில் (நடக்குமா, நடக்காதா என்று பணம் போடும் இடம்) நீங்கள் வாங்கிய 'ஆம்' பங்கின் விலை ஏறவில்லை என்கிறீர்கள். முதலில் தீர்வு விதியைப் படியுங்கள்; எது நடந்தால் 'ஆம்' வெல்லும் என்று சொல்வது அதுதான். அறிவிப்பே போதுமா, பதவியை விட்டு இறங்கியாக வேண்டுமா? இரண்டும் வேறு வேறு.

பிரிட்டனில் போரிஸ் ஜான்சன் 2022 ஜூலை 7 அன்று அறிவித்தார். செப்டம்பர் 6 வரை அவரே பிரதமர். கனடாவின் ட்ரூடோ 2025 ஜனவரி 6 அன்று அறிவித்து, மார்ச் 14 அன்றுதான் இறங்கினார். கட்சி அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை பழையவரே நாற்காலியில் இருப்பார். பிரிட்டனின் லிஸ் டிரஸ் மட்டும் அறிவித்த ஐந்தே நாளில் போனதற்குக் காரணம், போட்டியில் ரிஷி சுனக் மட்டுமே மிஞ்சியது.

அதனால் உங்கள் பிரதமரின் கட்சி தலைவர் தேர்தலுக்கு என்ன தேதி வைத்திருக்கிறது என்று பாருங்கள். அது மாத இறுதியைத் தாண்டினால், தயவுசெய்து மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.