‘கம்ப்யூட்டர் சரின்னு சொல்லிருச்சு’

கேள்வி: எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சுகர். போன மாதம் நடந்த முகாமில் கண்ணைப் படம் எடுத்து, கொஞ்ச நேரத்திலேயே ‘பாதிப்பு இல்லை’ என்று சீட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் யாரும் பார்க்கவில்லை, ஏஐ பார்த்ததாம். ஆனால் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை என்கிறார் அப்பா. மெஷினை நம்பலாமா? அந்தப் படத்தை வேறு எதற்காவது எடுத்துக்கொள்வார்களா?

பதில்: முதலில் அப்பாவைக் கவனிப்போம் தம்பி, ஏஐ-யை அப்புறம் பார்க்கலாம். ஓரப்பார்வை மங்குகிறது என்றால் நாளைத் தள்ளாமல் மதுரைப் பெரியாஸ்பத்திரியோ அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோ, எங்கே வசதியோ அங்கே கூட்டிப்போய், சொட்டு மருந்து விட்டு டாக்டரே பார்க்கும்படி காட்டிவிடுங்கள்.

அந்தச் சீட்டு பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. இந்த மாதிரி மென்பொருள் பெரும்பாலும் சுகரால் விழித்திரையில் வரும் ரத்தக் கசிவையும் வீக்கத்தையும்தான் தேடும். ஓரப்பார்வையை மங்கச் செய்யும் கண் அழுத்த நோயை (கிளாக்கோமா) கற்றுக்கொடுக்காத மெஷின் அதைப் பற்றி வாயே திறக்காது, ஆனால் ‘பாதிப்பு இல்லை’ என்று மொட்டையாக அச்சடித்துக் கொடுத்தால் கண் முழுக்கச் சரி என்றுதானே வீட்டில் எடுத்துக்கொள்வோம்? எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லாமல் ஆளை அனுப்பியதுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

படம் தெளிவாக விழுந்தால், தேடச் சொன்னதை நன்றாகவே கண்டுபிடிக்கும். 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் காட்டி ஒரு ஏஐ-யைப் பழக்கினார்களே, அதில் நம் அரவிந்த் படங்களும் உண்டு. அப்படி வந்த கருவியே தாய்லாந்துக் கிளினிக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. தள்ளுகிற மெஷின்கூடத் தேவலை, மங்கலான படத்துக்கும் முடிவு சொல்கிற மெஷினை நினைத்தால்தான் பயம்.

முகாம் நடத்தியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இந்த முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போடும் டாக்டர் யார்? ‘கம்ப்யூட்டர் சொல்லிருச்சு’ என்பது பதில் ஆகாது. நாளைக்கு ஒன்று ஆனால் கம்ப்யூட்டரையா மெடிக்கல் கவுன்சிலுக்குக் கூப்பிட்டு விசாரிப்பது?

படம் விஷயம். அப்பா வரிசையில் நிற்கும்போது எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். பரிசோதனைக்குச் சம்மதிப்பது வேறு, மென்பொருளைப் பழக்கப் படத்தைக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்துக்கொள்வது சரியில்லை. 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமே சம்மத அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்க இடம் கொடுத்திருக்கிறது, கூச்சப்படாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அவர் வேறு முடிவு சொன்னால் ஒரு நகலை முகாம்காரர்களிடம் கொடுங்கள், அன்றைக்குப் படம் எடுத்துக்கொண்ட மற்றவர்களையும் அவர்கள் திரும்பக் கூப்பிட வேண்டி வரலாம்.