கவூடில் குட்டி வாங்குவதற்கு முன் என்னென்ன யோசிக்க வேண்டும்?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறோம். பூடில் கலப்புக் குட்டி ஒன்று, அதுவும் கவூடில்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மகளுக்குக் கொஞ்சம் ஆஸ்துமா உண்டு. முடி கொட்டாது, அலர்ஜி வராது என்கிறார்களே, நம்பலாமா?

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு கவூடில் இருக்கிறான். நான்கு வயது. அப்பா மினியேச்சர் பூடில், அம்மா கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். இந்த இரண்டு இனமும் கலந்ததுதான் கவூடில். அவன் மேல் உயிராக இருக்கிறோம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முடி அதிகம் கொட்டாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் தரையில் விழாத முடி எங்கே போகும்? உதிர்ந்தது சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும், பக்கத்து முடியோடு பின்னிச் சிக்காகும், கடைசியில் சடையாகிவிடும். மணிக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது இது எனக்குப் புரிந்தது. தினமும் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், மேலே தொட்டால் பஞ்சுதான். முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனபோது, வெட்டுகிற பெண் அவன் முன்னங்காலைத் தூக்கி, அக்குளில் முடியை விலக்கிக் காட்டினார். தோலை ஒட்டிக் கம்பளித் துண்டு மாதிரி ஒரு சடை. சீப்பின் ஒரு பல்கூட உள்ளே போகவில்லை. காதுக்குப் பின்னாலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் அதே கதை. ஒட்ட மழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மழித்த இடத்தில் தோல் சிவந்து கிடந்தது. நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அது அவனைச் சுண்டி இழுத்திருக்கும். வாய் திறந்து சொல்ல முடியாத ஜீவன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும் காலம் அது, ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள். அப்போதுதான் சிக்கு மோசமாக விழும். பிரஷ் மட்டும் போதாது, இரும்புப் பல் சீப்பு வேண்டும். நமக்குத் தலை சிக்கெடுக்கும்போது அம்மா வேரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வருவாரே, அதே முறைதான். சிக்கோடு குளிப்பாட்டிவிடாதீர்கள். தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது இன்னும் இறுகும். எங்களுக்குத் தினம் பதினைந்து நிமிடம் இதற்குப் போகிறது. அதற்கு மேல் ஏழு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட 110 டாலர். வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் இன்னொன்று, புல் விதை. இந்த ஊர் நடைபாதை ஓரத்துக் காய்ந்த புல்லின் முள் விதை விரல் இடுக்கிலும் காதிலும் ஏறி, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நடந்து வந்ததும் பாதத்தைப் பிரித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அலர்ஜி. உங்களுக்கு முக்கியமானது இதுதான். அலர்ஜியைக் கிளப்புவது முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். அது எல்லா நாயிடமும் உண்டு. லாப்ரடூடில் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1980களின் கடைசியில், இதே விக்டோரியாவில், வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமைப்பில் இருந்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக பூடிலையும் லாப்ரடாரையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் அலர்ஜி. மூன்று குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். ஒரே ஈற்றில் பிறந்தவற்றிலேயே இப்படி என்றால், விளம்பரத்தில் போடுகிற உத்தரவாதத்துக்கு என்ன மதிப்பு? கலப்பு நாய்கள் கண்டபடி பெருகியதைப் பார்த்து, இதைத் தொடங்கி வைத்ததற்காகப் பின்னாளில் கான்ரனே வருந்தினார்.

அதனால் முதலில் மகளின் டாக்டரிடம் பேசுங்கள். அப்புறம் தெரிந்தவர் வீட்டுக் கவூடிலோடு அவளைச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள், ஒருமுறை இல்லை, நாலைந்து தடவை. நக்கவும் விட வேண்டும். குட்டியைக் கொண்டுவந்து பிள்ளைகள் மனதைக் கொடுத்த பிறகு திருப்பி அனுப்புவது எல்லோருக்கும் கொடுமை.

பூடிலின் மூளை, மடியை விட்டு இறங்காத கவாலியரின் பாசம், இரண்டும் சேர்ந்த நாய் தனியாக இருக்கச் சிரமப்படும். நான் வேலைக்குத் திரும்பிய வாரம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து, மணி காலையிலிருந்து ஊளையிட்டுக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். குட்டியாக இருக்கும்போதே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று பிரித்து விட்டுப் பழக்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பழக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. உங்கள் வீட்டில் பகல் முழுக்க யாரும் இருக்க மாட்டீர்கள் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

வாங்குமிடத்தில் கறாராக இருங்கள். கவாலியர்களுக்கு இதய வால்வு நோய் மிகவும் அதிகம், அது குட்டிக்கும் வரலாம். இதய நிபுணர் பரிசோதித்த தாளைக் கேளுங்கள். பூடில் பக்கத்தில் முட்டிச் சில்லு விலகுவதும், கண்பார்வை மெல்ல மங்கும் பரம்பரை நோயும் உண்டு. கண்ணுக்கு மரபணுச் சோதனை இருக்கிறது, முட்டியை மருத்துவர் தொட்டே சொல்லிவிடுவார். கலப்பு என்பதால் நோய் வராது என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். விக்டோரியாவில் விளம்பரத்தில் மைக்ரோசிப் எண்ணும் விற்பவரின் சோர்ஸ் நம்பரும் (அரசுப் பதிவேட்டில் அவருக்குத் தரும் எண்) இருந்தாக வேண்டும். இருந்தாலும் அது மட்டும் போதாது. தாயை அது வளரும் இடத்திலேயே நேரில் பாருங்கள். கார் பார்க்கில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம்.

நம் சமையலில் கவனம்: வெங்காயம் போட்ட சாம்பார் சாதம், பாயசத்து உலர்திராட்சை இரண்டும் நாய்க்கு விஷம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று வயதான கவூடில்களை வேறு வீட்டுக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்த வயதில் முடி எப்படி, குணம் எப்படி, மகளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். குட்டிதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இல்லை என்றால் அதையும் விசாரியுங்கள்.