ரோமாபுரிச் சின்னங்களின் பழைய அச்சுப்படங்களில், வண்ணம் அந்தக் காலத்திலேயே தீட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பணம் கட்டும் முன் படத்தின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் ஏமாந்தவன் நான்.

வேலைக்காக ரோமில் இருந்தபோது ஒரு கடையில், பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பிரானேசி செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்றைப் பார்த்தேன். செப்டிமியஸ் செவெரஸ் என்ற ரோமாபுரிப் பேரரசரின் வெற்றி வளைவு அது. வளைவின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அது நிற்கிற ஃபோரம், அதாவது பழைய ரோமின் பொதுச் சதுக்கம், அன்றைக்கு மாடு மேய்கிற இடம். ‘காம்போ வாச்சினோ’ என்றுதான் பெயரே. வானத்துக்கு நீலம் தீட்டியிருந்தது. “அந்தக் காலத்து வண்ணம்” என்றார் கடைக்காரர். நம்பி வாங்கிவிட்டேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், நடு மடிப்பில் காகிதம் நைந்த இடத்தில் நீலம் நாருக்குள் ஊறியிருக்கிறது. மடிப்பு நைந்த பிறகு யாரோ தீட்டியது!

பிரானேசி 1748 வாக்கில் தொடங்கி 1778இல் இறக்கும்வரை இந்த ரோமாபுரிக் காட்சி வரிசையில் 135 தகடுகள் செய்தார். கறுப்பு மையின் ஆழம்தான் அவற்றின் உயிர். அதன்மேல் நீலத்தைப் பூச எப்படி மனசு வந்ததோ. வண்ணப் படம் பிடித்தவர்கள் கோபிக்க வேண்டாம், எல்லா வண்ணமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. 1780 வாக்கில் வோல்பாட்டோ, டுக்ரோ என்ற இரண்டு ஓவியர்கள் வெளிக்கோட்டை மட்டும் அச்சிட்டு, மீதியைத் தூரிகையால் முடித்தார்கள். பாரிஸிலும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கிலும் லென்ஸும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துப் பார்ப்பதற்கென்றே வண்ணப் படங்கள் போட்டார்கள். கண்ணாடியில் நேராகத் தெரிய, மேலே தலைப்பை இடவலம் மாற்றி அச்சிட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு கொலோசியம் என்னிடம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், முன்னால் புல் இருக்கும் இடமெல்லாம் பின்னால் பழுப்பாகத் தெரியும். செம்புக் களிம்பில் செய்த பச்சை காகிதத்தை மெல்ல அரிக்கும். நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் ஏறுகிற அதே களிம்புதான். பழுப்பு இல்லையென்றால் புது வண்ணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எல்லாப் பச்சையும் அரிப்பதில்லை.

அப்புறம், படத்துக்கு ஃபிரேம் போடுகிறவர்கள். ஊருக்கு வந்து அப்படி ஒருவரிடம் இந்தக் கொலோசியத்தைத்தான் கொடுத்தேன். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல் நாலு ஓரத்தையும் வெட்டிவிட்டார். தகடு அழுத்திய தடமும் போச்சு, இடவலம் மாறிய அந்தத் தலைப்பும் போச்சு. குப்பைக்கூடையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு கவரில் வைத்திருக்கிறேன்.