புது டயருக்குப் பின் முன்சக்கர நடுக்கம்

நண்பருக்கு வணக்கம். பைக்கின் முன் டயரை நீங்களே மாற்றிய பிறகு, வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கைப்பிடி நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சக்கரத்தைச் சமநிலைப்படுத்த ரிம்மில் சிறு எடை ஒட்டுவதற்கு முன், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே அமிழ்ந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று பொருள், அதை எந்த எடையும் சரிசெய்யாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக இருக்கட்டும்.

சமநிலை பார்ப்பதைச் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே செய்தால் பிரேக் பேட் உரசி ஏமாற்றும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி, அச்சைச் செருகி, அதன் இரு முனைகளையும் சம உயரமுள்ள தாங்கிகளில் வைத்து மெல்லச் சுழற்றினால், கனமான பகுதி தானாகவே கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே 5 கிராம் எடையை டேப்பால் ஒட்டிவிட்டு, சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பிக் கையை எடுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கும்வரை எடையைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நிலையாக ஒட்டும்போது ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் நான் ஒட்டிய முதல் எடை அடுத்த மழையிலேயே சாலையில் போய்விட்டது.