பாஸ்டன் கஸ்டர் தப்பியிருக்க முடியாதா?

1876 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் மாண்டனாவில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பூர்வகுடி வீரர்களுடன் நடந்த போரில் அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி ஜார்ஜ் கஸ்டரின் ஐந்து கம்பெனிகளும் (படைப்பிரிவுகள்) அழிந்தபோது, இராணுவத்தில் சேராத அவருடைய கடைசித் தம்பி பாஸ்டன் எங்கே இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். 27 வயது இளைஞர்.

தப்பியிருக்கலாம். அன்று அவர் அண்ணனின் அணியை விட்டுப் பின்னால் வந்த பொதிக் கழுதைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அங்கேயே நின்றிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார், நிற்கவில்லை. திரும்பும் வழியில், சதுப்பில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த, கஸ்டரின் கீழ் இருந்த கேப்டன் பென்டீனின் படையைக் கடந்தார். பிறகு, கஸ்டரின் அவசரச் செய்தியோடு எதிரே வந்த எக்காள வீரர் மார்ட்டின் அவரைச் சந்தித்தார். பாஸ்டனை உயிரோடு பார்த்துச் சாட்சி சொன்ன கடைசிப் படைவீரர் மார்ட்டின்தான்.

பாஸ்டனின் உடல் கஸ்டர் விழுந்த குன்றுக்குச் சற்றுக் கீழே, 18 வயது அக்கா மகன் ஆட்டி ரீடின் உடலருகே கிடந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: தனி ஆளாகக் குதிரையில் போய் அண்ணனோடு சேர்ந்துவிட்டார் என்றால், அதுவரை எதிர்த்துப் போரிட்ட லகோட்டா, செயன் பூர்வகுடி வீரர்கள் அந்தப் பாதையை அடைக்கவில்லை. கஸ்டர் உடனே சுற்றிவளைக்கப்பட்டார் என்ற கதையை இந்த ஒரு பயணமே ஆட்டம் காண வைக்கிறது.