சிறப்புப் பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்? கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் போதிய சிறப்புப் பயிற்றுநர்கள் இல்லை என்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு வட்டார வள மையத்தில், அதாவது வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகத்தில், 17 வருடமாகச் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். டீச்சர் வாரம் ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம்தான் வருகிறார். விதியே இவ்வளவுதானா மேடம்?

இல்லை அம்மா. 2022 செப்டம்பரில் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தியது. அதன்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், 6 முதல் 8 வரை 15 பேருக்கு ஒருவர். உங்கள் பள்ளிக்கு வருகிறவர் பல பள்ளிகளைச் சுற்றுகிறவர். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

ஒரு வருடம் என் பட்டியலில் 46 பிள்ளைகள், 13 பள்ளிகள். அதில் 5 பேர் பள்ளிக்கே வர முடியாமல் வீட்டில் இருந்தவர்கள். கடைசிப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை) உள்ள ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்கினேன். துணியில் பெரிய பொத்தான்களைத் தைத்து எடுத்துப் போயிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் பொத்தானை ஓட்டைக்குள் பாதி நுழைத்துவிட்டான். அந்தப் பக்கம் வந்த விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டும், அது மட்டும்தான் பாக்கி. மறுநாளே போயிருந்தால் இழுத்திருப்பான். நான் திரும்பப் போனது 12 நாள் கழித்து. பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நான் தலைமையாசிரியர். எங்கள் பள்ளியில் நான்கே பிள்ளைகள். நான்கு பேருக்காக ஒரு பணியிடம் கேட்க முடியுமா?

தனிப் பணியிடம் கிடைப்பது கடினம் சார். 2021 அக்டோபரில், சிறப்புப் பயிற்றுநர் பற்றாக்குறை தொடர்பான ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், போதிய ஆட்கள் வரும்வரை அருகருகே உள்ள பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவர் போய்வரலாம் என்றது. அது தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் அதுவே நிரந்தரமாகிவிட்டது. அதே தீர்ப்பு, புதிய விதி வரும்வரை பின்பற்றச் சொன்ன கணக்கையும் பாருங்கள்: பெருமூளை வாதம் என்றால் 8 பேருக்கு ஒருவர், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்றால் 5 பேருக்கு ஒருவர், பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 பேருக்கு ஒருவர். பிள்ளைக்குப் பிள்ளை தேவை வேறு என்பதை அந்தக் கணக்கு புரிந்துகொண்டது. 10, 15 என்ற இப்போதைய விதியில் அது இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தலைகளை மட்டும் எண்ணினால் வேலையின் அளவு தெரியாது. எத்தனை பள்ளி, எவ்வளவு தூரம், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று எண்ண வேண்டும். பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து, அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒருவர் வேண்டும் எனக் கூட்டாக எழுதுங்கள்.

நானும் சிறப்புப் பயிற்றுநர்தான். 11 வருடமாகத் தொகுப்பூதியம். 2025 தீர்ப்பால் எங்களுக்கு ஏதாவது உண்டா அக்கா?

உண்டு. 2025 மார்ச் 7 அன்று அதே ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் எத்தனை பணியிடம் தேவை என்று கணக்கிட்டு அறிவிக்க வேண்டும் என்றது. ஒப்பந்தத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர்களை ஒரு குழு பரிசீலித்து, தகுதி உள்ளவர்களுக்கு முறையான ஊதியம் தர வேண்டும் என்றும் சொன்னது. தகுதி என்பதில் முக்கியமானது, சிறப்புக் கல்வி படித்தவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு. அது காலாவதியாகி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பணி ஆணை, வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

சிறப்பாசிரியர் தேர்வு எழுதினால் இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்காது. நம் ஊரில் சிறப்பாசிரியர் என்றால் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி. இந்த வேலைக்குச் சிறப்புக் கல்வியில் பி.எட். அல்லது டிப்ளமோ வேண்டும்.

என் வகுப்பில் 38 பேர். ஒருவனுக்குக் கற்றல் குறைபாடு. சிறப்புப் பயிற்றுநர் வராத நாட்களில் நான் என்ன செய்வது?

அவர் வரும் நாளில் ஒரு பத்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். பிள்ளைக்கென்று எழுதிய தனிநபர் கல்வித் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அது பல இடங்களில் கோப்புக்குள்ளேயே கிடக்கிறது. அதிலிருந்து ஒன்றே ஒன்றை, உதாரணமாக இரண்டு எழுத்துச் சொற்களை வாசிப்பதை, தினமும் ஐந்து நிமிடம் செய்தால் போதும். அப்புறம், அவனை எழுப்பி எல்லோர் முன்பும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள்.

மகளுக்குக் கடுமையான பாதிப்பு, நடக்க முடியாது. மூன்று மாதமாக யாரும் வீட்டுக்கு வரவில்லை. யாரிடம் கேட்பது?

கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கும் உரிமை 2012 முதல் சட்டத்தில் இருக்கிறது ஐயா. முதலில் வட்டார வள மையத்தில் எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட அலுவலகம். அங்கும் நடக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். மனுவில் பொதுவாகக் குறை சொல்லாமல், கடைசியாக எந்தத் தேதியில் யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். மனு வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள்.