ஸ்கோரிங் பேப்பர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

தாராவியிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, சி.ஈ.டி. நுழைவுத் தேர்வு எழுதி, இந்த வருடம் எம்.சி.ஏ. சேர்ந்திருக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், ஃபீஸில் பாதி அதில்தான் வருகிறது. இரண்டு வருடத்தில் எதை எப்போது படிப்பது என்று குழப்பம். டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் டிகிரியிலேயே படித்துவிட்டேன். அதனால் எலெக்டிவில், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் பாடத்தில், சுலபமாக மார்க் வரும் ஸ்கோரிங் பேப்பராக எடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் ஏ.ஐ. கோர்ஸ் செய் என்கிறார் சீனியர் அக்கா. கணக்கில் ஃபெயிலாகி கே.டி. விழுமோ, பேப்பர் பாக்கி நிற்குமோ என்றும் பயம். பைதானா ஜாவாவா, என்ன லேப்டாப் வாங்கலாம் என்றும் சொல்வீர்களா?

ம.

அன்புள்ள ம.,

என் தங்கை மகனும் எம்.சி.ஏ.தான், மூன்றாம் செமஸ்டர். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் இன்டர்வியூவுக்காக, டேட்டாபேஸில் இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஜாயின் வகைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஜாயின் போடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். முழித்தான். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. என் மகள் வயது உனக்கு, நீ என்றே எழுதுகிறேன்.

கல்லூரி லேபில் எந்த மொழியோ அதையே படி. லேப்டாப்பில் லினக்ஸ் ஓடினால் போதும், செகண்ட் ஹேண்டே வாங்கு. கே.டி. பயத்துக்கு தினமும் நாலு கணக்கு போடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

2020-21 முதல் எம்.சி.ஏ.வை மூன்று வருடத்திலிருந்து இரண்டாக்கினார்கள். நான்காம் செமஸ்டர் பல கல்லூரிகளில் ப்ராஜெக்ட்டிலும் இன்டர்ன்ஷிப்பிலும் போய்விடும். மூன்றாவதில் பிளேஸ்மென்ட் பரபரப்பு. ஆற அமரப் படிக்க உனக்கு இருப்பது முதல் வருடம் மட்டும்தான். அதைப் போய் ஸ்கோரிங் பேப்பருக்குக் கொடுக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

"டேட்டாபேஸ் டிகிரியிலேயே படித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். என்ன படித்தாய்? டேட்டாபேஸிடம் கேட்கும் க்வெரி எழுதத் தெரியும், டேபிளைப் பிரிக்கத் தெரியும். டிஸ்க்கில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது காட்டினார்களா?

நான் மும்பை ஃபோர்ட்டில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். தினமும் ராத்திரி டே எண்ட் ஓடும். அன்றைய வரவு செலவை ஒவ்வொன்றாக எடுத்து, கணக்கைத் தேடி, இருப்பை மாற்றும். கணக்குகள் பெருகப் பெருக அது விடியும்வரை இழுத்தது. காலையில் கிளைகளில் கவுன்ட்டர் திறக்க முடியாது, பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். மேலதிகாரிகள் பெரிய சர்வர் கேட்டார்கள், வந்தது. சில மாதத்தில் பழையபடி ஆனது.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வந்தாள். எம்.எஸ்சி.யில் ஒரு செமஸ்டர் முழுக்க சின்னதாக ஒரு டேட்டாபேஸைத் தானே கட்டியவள். வந்ததும், டேட்டாபேஸ் எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும் எக்ஸிக்யூஷன் பிளானைத்தான் கேட்டாள். கணக்கு எண்ணுக்கு, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, இன்டெக்ஸ் இருந்தது. ஆனால் ப்ரோக்ராம், டேபிளில் இருக்கும் எண்ணை எழுத்தாக மாற்றி ஒப்பிட்டது. எண்ணுக்குப் போட்ட இன்டெக்ஸ் அந்த எழுத்துக்கு உதவாது. அதனால் ஒவ்வொரு வரவுக்கும் டேபிள் முழுவதையும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே பூட்டை உடைப்பது மாதிரி. மாற்றும் வேலையை அவள் மறுபக்கம் தள்ளினாள், வரவில் வரும் எழுத்தை எண்ணாக்கி ஒப்பிட வைத்தாள். ஒரே வரி. அன்றைக்கு டே எண்ட் நள்ளிரவுக்கு முன்பே முடிந்தது.

இது அவளுக்கு எப்படித் தெரிந்தது? இன்டெக்ஸுக்குள் இருக்கும் மரம் மாதிரியான அமைப்பான பி-ட்ரீயைக் கையால் கட்டியிருந்தாள். பேயரும் மெக்ரைட்டும் 1972இல் வெளியிட்ட விஷயம் அது. ஒரு கணுவிலிருந்து 200 கிளை பிரிந்தால் மூன்று படியில் 80 லட்சம் பதிவுகளில் உனக்கு வேண்டியதை எடுத்துவிடலாம். இதைப் பரீட்சையில் எழுதி பத்து மார்க் வாங்கியவர்கள் எங்கள் பிரிவிலேயே இருந்தார்கள். கட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இதே மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். 1960இல் வேலைக்கு வந்தது. அதன் நினைவகம் 2048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். இன்றைய கணக்கில் 10 கிலோபைட். கட்டித்தான் கற்றார்கள். உன் கையில் அதைவிடப் பல லட்சம் மடங்கு நினைவகம் இருக்கிறது, நீ ஸ்கோரிங் பேப்பர் தேடுகிறாய்.

ஆகவே இரண்டாம் செமஸ்டர் எலெக்டிவில் அட்வான்ஸ்டு டேட்டாபேஸ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. இல்லையென்றால் மினி ப்ராஜெக்ட்டில் செய். ஒரு ஃபைலை 4096 பைட் பக்கங்களாகப் பிரி, அதன்மேல் பி-ட்ரீ கட்டு, சேர், தேடு. அப்புறம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ப்ரோக்ராமை நிறுத்து. திரும்ப ஓட்டும்போது எழுதியது இருக்கிறதா என்று பார். செய்யப்போகும் மாற்றத்தைக் குறித்துவைக்கும் லாக்கை ஏன் முதலில் எழுதுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரியும். எஸ்க்யூஎல்லைட் என்ற சின்ன டேட்டாபேஸின் சோர்ஸ் கோட் இலவசமாகவே கிடைக்கிறது, மாட்டிக்கொண்டால் திறந்து படி. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பாதி அங்கேயே வந்துவிடும்.

டியூஷனை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாள் முழுக்க கல்லூரி, சாயங்காலம் பிள்ளைகள், அதன் பிறகு உனக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நேரத்தை வீணாக்கச் சொல்பவர்கள் மேல் இவ்வளவு கோபம். ப்ராஜெக்ட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வை. கல்லூரி லேப் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று நாளைக்கே கேள்.

ஏ.ஐ.யை மூன்றாம் செமஸ்டரில் எடு. அதற்குள் நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் கைக்கு வந்திருக்க வேண்டும், நீ பயப்படும் கணக்குப் பேப்பர் அதற்குத்தான். ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெலில் இரண்டுக்கும் பாடங்கள் இருக்கின்றன.

ப்ரோக்ராமை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது பதிவுகள் காணாமல் போயிருந்தால் எனக்கு எழுது. எந்தப் பக்கத்தில் போயிற்று என்று சேர்ந்து தேடலாம்.